சீட்டு எழுதிக் கொடுத்தால் போதுமா?

கேள்வி: தனியார் மகப்பேறு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ ஊசி எழுதிக் கொடுக்கிறோம். பெரும்பாலானவர்கள் போடாமலே அடுத்த செக்கப்புக்கு வருகிறார்கள். கேட்டால், "அத்தை வேண்டாம்னுட்டாங்க" என்கிறார்கள். என்ன செய்வது? - வாசகி, திண்டுக்கல்

பதில்: எழுதிக் கொடுக்கிறீர்களே தங்கச்சி, அங்கேதான் பாதிப் பேர் நழுவிப் போகிறார்கள். மெடிக்கலில் தேடி வாங்கி, ஐஸ் கட்டியோடு திரும்ப உங்களிடம் வர வேண்டும். ஏழு மாத வயிற்றோடு யார் அலைவார்? மருந்தை நீங்களே வாங்கி வையுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். உறைந்துவிட்டால் அது வீண்தான். டிடி ஊசி போடும் அன்றே இன்னொரு கையில் இதையும் போடலாம்.

அப்புறம் அந்த அத்தை. அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல் உள்ளே கூப்பிடுங்கள். "குழந்தைக்கு ஆறு மாசம் ஆகும்வரை இந்த ஊசியைப் போட முடியாதும்மா. இப்போ உங்க மருமகளுக்குப் போட்டா, அந்த எதிர்ப்புச் சக்தி வயித்துல இருக்கிற பேரப்பிள்ளைக்கும் போகும்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பலர் அங்கேயே சரி என்பார்கள்.

ஒன்றை மறைக்காதீர்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு பெண்ணிடம் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் கை வலித்து, உடம்பு சுட்டிருக்கிறது. அவள் தெருவில் அதற்குப் பிறகு யாருமே ஊசிக்கு வரவில்லை. இந்த ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி, அதனால் ஃப்ளூ வராது. ஓரிரு நாள் கைவலியும் லேசான காய்ச்சலும் வரலாம். இதை முன்பே சொல்லிவிடுங்கள். முன்பு ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததா என்றும் கேளுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

எந்த மாதத்தில் போடலாம் என்பதை டாக்டரும் நீங்களும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். எந்த மாதமும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே சொல்லிவிட்டது. 26 வாரத்துக்குப் பிறகு போடும் டாக்டர்களும் இங்கே உண்டு. நம் ஊரில் மழைக்காலத்தில் ஃப்ளூ கூடும், அதனால் ஆகஸ்ட், செப்டம்பரில் முனைப்பாக இருங்கள்.

மறுப்பவரைத் திட்டாதீர்கள். அட்டையில் குறித்துவைத்து அடுத்த முறை மறுபடி கேளுங்கள். காய்ச்சலும் இருமலும் வந்தால் அன்றே வரச் சொல்லுங்கள். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும்.