வாசகர் கேள்விகள்: ராணுவ டாக்டரின் மகள் பதில் சொல்கிறார்

ராயபுரத்தில் பிறந்து, ராணுவ மருத்துவப் படையில் கர்னலாக ஓய்வு பெற்று, சென்ற ஆண்டு காலமான என் அப்பாவைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடசென்னைக்காரர்களுடையவை. சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஸ்டான்லியில் படித்தவர் கல்மண்டபத்திலேயே ஒரு கிளினிக் போட்டிருக்கலாமே. ஏன் பட்டாளத்துக்குப் போனார்?
*— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை*

தாத்தாவும் இதையேதான் கேட்டாராம். 1962 சீனப் போர் முடிந்த கையோடு ராணுவத்துக்கு டாக்டர்கள் வேண்டும் என்று அழைப்பு வந்தது. அப்பா அப்போதுதான் ஹவுஸ் சர்ஜன் முடித்திருந்தார். வீட்டில் மூச்சு விடாமல் இண்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தார். லக்னோவில் பயிற்சி என்று தபால் வந்த பிறகுதான் பாட்டிக்கே விஷயம் தெரியும். காரணம் கேட்டால், "கூப்பிட்டாங்க, போனேன்" என்பார். அவ்வளவுதான்.

போர் இல்லாத நாட்களில் ராணுவ டாக்டருக்கு என்னம்மா வேலை?
*— கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை*

நல்ல கேள்வி தம்பி. குண்டடி பட்டவரைக் காப்பாற்றுவதுதான் அவர் வேலை என்று நானும் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒரு பட்டாலியனில் சுமார் 800 பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரே டாக்டர். காலையில் சிக் ரிப்போர்ட், அதாவது உடம்பு சரியில்லை என்று வருகிறவர்களைப் பார்ப்பார். அதன் பிறகு சமையல்கூடம், தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாவற்றையும் சுற்றி வருவார். நோய் வராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு. வந்த பிறகு மருந்து கொடுப்பது அதில் சின்னப் பகுதி என்பார்.

லடாக்கில் இது உயிர்ப் பிரச்சினை. சமவெளியிலிருந்து வருகிறவரை நேரே மேலே ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், திடகாத்திரமான ஆளே ஒரு ராத்திரியில் போய்விடுவார். 1962-ல் அவசரமாக மேலே அனுப்பப்பட்டவர்கள் பலருக்கு இப்படி ஆனது. இன்று அதற்கு விதி இருக்கிறது: 9,000 அடிக்கு மேல் 6 நாள், 12,000-க்கு மேல் இன்னும் 4 நாள், 15,000-க்கு மேல் மறுபடி 4 நாள் தங்கிப் பழக வேண்டும். அப்பா அங்கே இருந்த காலத்தில் மாலையானால் ஜவான்களின் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, பனிக்கடி இருக்கிறதா என்று ஒவ்வொரு கால்விரலாகத் தொட்டுப் பார்ப்பாராம். கர்னலாகி மேஜைக்கு வந்த பிறகும் அதைப் பற்றித்தான் ஆசையாகப் பேசுவார்.

வருடக்கணக்கில் வெளியில் இருந்தவரை 'நல்ல குடும்பஸ்தர்' என்று எழுதியிருக்கிறீர்கள். மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.
*— வாசகி, காசிமேடு*

மனதைத் தொட்டே சொல்கிறேன் அக்கா. தம்பி பிறந்தபோது அவர் லடாக்கில் இருந்தார். குடும்பத்தை அழைத்துப்போக முடியாத இடம். அம்மா மாமியார் வீட்டில், கைக்குழந்தையோடு. அந்தக் கோபம் அம்மாவுக்குக் கடைசிவரை முழுதாகத் தீரவில்லை. அதை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எழுதினால் அது பொய்.

ஆனால் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவ அஞ்சலக முகவரி போட்ட நீல இன்லண்ட் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. 'குழாயில் தண்ணீர் கலங்கி வருகிறதா? கொதிக்க வைக்கிறாயா? பெரியவளுக்கு டான்சில் எப்படி?' அன்பே ஆருயிரே எல்லாம் அதில் கிடையாது. பாட்டி உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "புருஷன் எழுதற லெட்டரா, ஆஸ்பத்திரி சீட்டா?" என்பாள். லீவில் வந்தால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் எங்களை வரிசையாக உட்கார வைத்து நகம், பல், பாதம் பார்ப்பார். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். அங்கே ஜவான்களிடம் தினமும் செய்ததைத்தான் எங்களிடமும் செய்தார் என்று பிற்பாடு புரிந்தது. அவருக்கு அன்பு காட்டத் தெரிந்த வழி அதுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. அம்மாவுக்குப் போதவில்லை. இரண்டுமே உண்மை.

ஓய்வுக்குப் பிறகு பிராக்டிஸ் செய்தாரா?
*— வாசகர், திருவொற்றியூர்*

போர்டு மாட்டவில்லை. ஆனால் 1992-ல் அவர் ஊர் திரும்பிய வருடமே ஓ139 என்ற புது வகைக் காலரா சென்னையில்தான் முதலில் தென்பட்டது. அப்பாவுக்குக் காலரா புதிதல்ல. 1971-ல் கிழக்கு எல்லையில் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தபோது வங்க அகதிகள் காலராவோடு கூட்டம் கூட்டமாக வந்ததைப் பார்த்தவர். அந்த வருடம் மேற்கு வங்கத்தின் போங்காவ்ன் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் பற்றாமல் போனபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு கலந்த தண்ணீரை வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அப்பா அவரைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும்.

அதனால் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனார். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. "கண்ணளவு வேண்டாம்மா, உப்பு கூடினா குழந்தைக்கு ஆபத்து" என்று சொல்லி, கலக்க வைத்து, தானே ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். இப்போதும் எங்கள் தெருப் பெண்கள் அவரைக் 'கர்னல்' என்று சொல்வதில்லை, 'உப்புத்தண்ணி டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். அவருக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது.

என் தாத்தாவும் ராணுவ டாக்டர் என்கிறார்கள். சீருடையில் ஒரே ஒரு போட்டோ இருக்கிறது. அதை வைத்து ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?
*— வாசகி, எண்ணூர்*

முடியும். தொப்பி வில்லையில் பாம்பு சுற்றிய கோல் இருந்தால் மருத்துவப் படை. அடுத்து தோள்பட்டையைப் பாருங்கள். மூன்று நட்சத்திரம் என்றால் கேப்டன். அசோகச் சிங்கம் மட்டும் என்றால் மேஜர். சிங்கத்தோடு ஒரு நட்சத்திரம் லெப்டினன்ட் கர்னல், இரண்டு என்றால் கர்னல். சிங்கத்துக்குப் பதில் கிரீடம் இருந்தால் படம் குடியரசுக்கு முந்தையது. பாட்டி குடும்ப ஓய்வூதியம் வாங்கியிருந்தால், அலகாபாத்திலிருந்து வந்த பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணைத் தாளைத் தேடுங்கள், பதவியும் பணி விவரமும் அதில் இருக்கும். போட்டோவின் பின்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அப்போது எந்த ஊரில் இருந்தார் என்று தெரிந்துவிடும்.