நாணய மதிப்பைக் குறைத்தால் அரசுக் கஜானாவுக்கு லாபமா, நஷ்டமா?

இரண்டும்தான். மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டைப் பாருங்கள். 1948 முதல் ஒரு பிரெஞ்சு ஃப்ராங்குக்கு 50 சிஎஃப்ஏ ஃப்ராங்க் (அந்நாட்டுப் பணம்) என்று விகிதத்தைக் கட்டிவைத்திருந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் கோகோ, காபி விலை சரிந்தபோதும் அதைத் தொடவில்லை. அதற்குப் பதில் 1989இல் கோகோ விவசாயிக்குத் தரும் விலையை கிலோவுக்கு 400 சிஎஃப்ஏ ஃப்ராங்கிலிருந்து 200 ஆக வெட்டினார்கள். அடி வாங்கியவர் விவசாயி.

1994 ஜனவரியில் விகிதம் 100 ஆனது; அதாவது சிஎஃப்ஏ ஃப்ராங்கின் மதிப்பு பாதியானது. அதே உலகச் சந்தை விலைக்குக் கோகோவை விற்றாலும் உள்ளூர்ப் பணத்தில் இரட்டிப்பு வரவு. ஏற்றுமதி வரி வசூலும் கூடியது. சரி, கடன்? வெளிநாட்டுக் கடனும் உள்ளூர்க் கணக்கில் ஒரே நாளில் இரட்டிப்பு! இறக்குமதி அரிசி, மருந்து விலை எகிறியது. அரசு ஊழியர் சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. பட்ஜெட்டைக் காப்பாற்றியதில் சம்பளம் அப்படி ஏறாததற்குப் பெரிய பங்கு உண்டு என்பேன். அப்புறம், கடன் சலுகைகளும் கைகொடுத்தன.