விளையாட்டுப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளைக்கு நல்ல அப்பா அம்மாவாக இருப்பது எப்படி?

கேட்டவரின் மகனுக்கு 11 வயது, பேட்மிண்டன் ஆடுகிறான். தோற்ற நாளில் வீடு வந்து சேரும்வரை அழுகிறானாம். "எது சொன்னாலும் தப்பாகிறது, ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவும் தப்பாகிறது" என்று எழுதியிருக்கிறார். என் மகள் 9 வயதிலிருந்து போட்டிகளில் நீந்துகிறாள், இப்போது 16. விளையாட்டு வேறாக இருந்தாலும் போட்டி முடிந்து வீடு திரும்பும் அந்தப் பயணம் எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டில் அதைக் கெடுத்து வைத்தவன் நான்தான்.

முதல் மூன்று வருடம் என் கையில் சொந்தமாக ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தது. கேலரியில் மற்ற பெற்றோர் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். நான் முதல் 50 மீட்டருக்கு எவ்வளவு, அடுத்த 50 மீட்டருக்கு எவ்வளவு என்று நோட்டில் குறித்துக்கொண்டிருப்பேன். கோச் வைத்திருக்கும் கணக்கு போதாதா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். இத்தனைக்கும் எனக்கு மூழ்காமல் நீந்தத் தெரியும், அவ்வளவுதான். போட்டியில் ஒரு முறைகூட இறங்கியதில்லை. ஆனால் காரில் ஏறி பெல்ட் போடுவதற்குள், குளத்துச் சுவரில் டர்ன் எப்படி எடுக்க வேண்டும் என்று பாடத்தை ஆரம்பித்துவிடுவேன்.

அவளுக்கு 12 வயதில் ஒரு 100 மீட்டர் ஃபிரீஸ்டைல். சுவரைத் தொட்டாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். போர்டில் அவள் நேரம் வந்துவிட்டது, அதைப் பார்க்கவில்லை. கோச்சையும் பார்க்கவில்லை. நேராகக் கேலரியில் என்னைத் தேடினாள். நான் குனிந்து வாட்சைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் முகம் சுருங்கிவிட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் போர்டைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவள் நீந்தியது அதுவரை அவள் எடுத்ததிலேயே நல்ல நேரம். நான் பார்த்ததோ இரண்டாவது 50 மீட்டரில் வேகம் விழுந்ததை மட்டும்.

காரில் பாதி வழி பேச்சே இல்லை. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்: "நீங்க வாட்சைப் பாக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும்பா."

அதிலேயே எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வரவில்லை. இன்னும் சில வாரம் கழித்து, பை மாட்டும்போது அவள் ஒரு தோளைத் தவிர்ப்பதை என் மனைவி கவனித்தாள். பிசியோதெரபிஸ்டிடம் போனோம். "எத்தனை நாளா வலிக்குது?" என்று அவர் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள். அவர் அதைக் கவனித்துவிட்டு, "சார், கொஞ்சம் வெளியில உக்காருங்க" என்றார். வெளியே உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே... சரி, விடுங்கள். ஒன்றரை மாதமாக வலி இருந்திருக்கிறது. சொன்னால் லீவு எடுக்கச் சொல்வார்கள், டைமிங் போய்விடும், அப்பா மூஞ்சி மாறும். அதனால் சொல்லவில்லை. பிறகு ஆறு வாரம் கையை வீசாமல் கிக் போர்டு என்ற மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலால் உதைத்து நீந்துவது மட்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தோற்ற பிள்ளைக்குத் தான் தோற்றது தெரியும். எதிராளி காட்டிவிட்டான், ஸ்கோர் போர்டு காட்டிவிட்டது, கோச்சும் ஏதாவது சொல்லியிருப்பார். நாலாவதாக நீங்களும் அதையே சொல்ல வேண்டாம். நான் இப்போது சொல்வது இரண்டே விஷயம்: "பசிக்குதா?", "நீ நீந்தறதைப் பாக்க நல்லா இருந்துச்சு." ஜெயித்த நாளிலும் இதேதான். அழுதால் அழட்டும், கண்ணைத் துடைக்கத் துண்டைக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டுங்கள். அவனாகப் பேச்சை எடுத்தால் கேளுங்கள். அவன் கேட்டாலொழிய ஆட்டத்தை அலசாதீர்கள். இன்னொரு பக்கமும் போய்விடாதீர்கள்: "நீதான் ஜெயிச்சிருக்கணும், அம்பயர் சரியில்லை." காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், ஆனால் 11 வயதுப் பையனுக்கு அது பொய் என்று தெரியும். அடுத்த முறை நீங்கள் நிஜமாகப் பாராட்டினாலும் நம்ப மாட்டான்.

மேட்ச் நடக்கும்போது கேலரியிலிருந்து சைகை காட்டும் வேலையும் வேண்டாம். கோச் ஒன்று சொல்ல அப்பா ஒன்று சொல்ல, பிள்ளை நடுவில் மாட்டிக்கொண்டு பந்தைக் கோட்டைவிடும்.

தோல்விக்கு உடம்பும் ஒரு காரணமாக இருக்கலாம், இதைப் பல பெற்றோர் கணக்கில் எடுப்பதில்லை. பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக வளர்கிறார்கள், ஆளுக்கு ஆள் ஓரிரு வருடம் முன்பின் ஆகும். கை கால் திடீரென்று நீளும்போது நேற்று வரை சரியாக வந்த அடி இன்றைக்குத் தப்பும். நீச்சலில் டைமிங் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அதே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் சேர்ந்தே ஆடுவார்கள். 11 வயதில் பதினோரு மாத வித்தியாசம் சின்ன விஷயமில்லை. 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளைப் பார்த்த ஆய்வாளர்கள், வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அங்கே நிறைந்திருப்பதைக் கண்டார்கள். உங்கள் மகனை அடிக்கடி தோற்கடிக்கும் பையனின் பிறந்த மாதத்தை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். மகனிடம் சொல்ல வேண்டாம், உங்கள் மனநிம்மதிக்காக.

வலியை "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிடாதீர்கள். வளரும் எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பால் ஆனது, முதிர்ந்த எலும்பை விட மென்மையானது. குதித்துக் குதித்து ஆடும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வீங்கி வலிப்பது அதனால்தான். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர், பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது அடங்கிவிடும், ஆனால் அதுவரை சுமையைக் குறைக்க வேண்டும். நொண்டினாலோ, ராத்திரி வலியில் எழுந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். பெண் பிள்ளை என்றால் இன்னொன்று: மாதவிடாய் நின்றுபோவதைக் கடும் பயிற்சியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செலவாகும் சக்திக்கு ஏற்றபடி சாப்பிடவில்லை என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை, எலும்பைப் பாதிக்கும்.

ஓய்வு பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு. அது போக, அந்த ஒரு விளையாட்டிலிருந்து வருடத்துக்கு மூன்று மாதம் விடுப்பு, மாதம் மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். மூன்று மாதமா என்று எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. சும்மா படுத்திருக்கச் சொல்லவில்லை, வேறு ஏதாவது ஆடட்டும். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் சின்ன வயதில் கால்பந்தும் கூடைப்பந்தும் உங்கள் மகன் ஆடும் பேட்மிண்டனும் ஆடியவர்தான். விளையாட்டு மருத்துவர்கள் வைத்திருக்கும் சுலபமான கணக்கு ஒன்று: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 11 வயது என்றால் 11 மணி நேரம். தூக்கம் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், அதற்கு மேல் 18 வரை 8 முதல் 10. எங்கள் வீட்டில் முதலில் அடிபட்டது இந்தத் தூக்கம்தான்.

அதுதான் பின்னால் பெரிய பிரச்சினையாக வந்தது. 14 வயதில் ஒரு நாள், "நான் நீச்சலை விடறேன்" என்றாள். வயிற்றில் புளியைக் கரைத்தது. "இத்தனை வருஷம், இவ்வளவு செலவு" என்று நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினேன். அந்த வாக்கியத்தைப் பிள்ளை காதில் விழும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள், அன்றிலிருந்து அது கடன் அடைக்கத்தான் ஆடும். பெயர் கொடுத்த போட்டிகளை முடித்துவிடு, பிறகு நீயே முடிவு செய் என்றோம். முடித்தாள், இரண்டு மாதம் தண்ணீர் பக்கமே போகவில்லை. அப்புறம் பேசியதில் தெரிந்தது, அவளுக்குப் பிடிக்காமல் போனது நீச்சல் இல்லை, விடிகாலை நாலரை மணி அலாரம். காலைப் பயிற்சி குறைவாக இருக்கும் குழுவுக்கு மாறினாள். ஒருவேளை நிஜமாகவே விட்டிருந்தால்? விட்டிருப்பாள், அவ்வளவுதான். அதற்கும் மனதைத் தயார்படுத்தியிருந்தேன், பாதியாவது.

கோச்சின் வேலையில் தலையிட வேண்டாம் என்றேன், அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. மூடிய அறையில் தனியாகப் பயிற்சி, பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைக்கு மெசேஜ், எல்லார் முன்னாலும் உடம்பைப் பற்றிக் கிண்டல், "வீட்டுல சொல்லாதே" என்ற பேச்சு: இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே கேளுங்கள். அவர் எத்தனை மெடல் வாங்கிக் கொடுத்தவராக இருந்தாலும் சரி. மற்ற விஷயங்களுக்குப் போட்டி இல்லாத நாளாகப் பார்த்து, தனியாக, மரியாதையாகப் பேசலாம். "வீட்டுல நான் என்ன செய்யணும் சார்?" என்று நான் முதல் முறை கேட்டபோது அவர் சிரித்தார். "சீக்கிரம் தூங்க வைங்க, நேரத்துக்குக் கொண்டு வந்து விடுங்க."

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதையும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் சின்னவன் கேலரி பெஞ்சில் தூங்கியே வளர்ந்தான். இப்போது கேலரி என்றாலே ஓடுகிறான்.

ஸ்டாப்வாட்ச் எங்கே என்று கேட்டால், அவள்தான் வைத்திருக்கிறாள். குழுவில் சின்னப் பிள்ளைகளுக்கு டைம் எடுக்க வாங்கிக்கொண்டு போனாள். போட்டியில் என் வேலை பையைக் காவல் காப்பது. உள்ளே காய்ந்த துண்டு இரண்டு, மாற்றுக் கண்ணாடி ஒன்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுவேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தும் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். ஆனால் அவர் ஃபெல்ப்ஸ். உங்கள் மகன் பையில் இன்னொரு ராக்கெட்டைப் போட்டு வையுங்கள், ராக்கெட் நரம்பு அறுவது எப்போதும் மேட்ச் நடுவில்தான்.