குரல்வளைப் புற்றுநோய் ஆரம்பநிலைதான் என்கிறார்கள், பிறகு குருத்தெலும்பைப் பார்க்க ஸ்கேன் எதற்கு?

உங்கள் அப்பாவுக்கு வயது 66, குரல்நாணின் முன்முனையில் சின்னக் கட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் படம் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. இந்த நோயில் கட்டியின் அளவைவிட அது உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

தொண்டைச் சங்கைத் தொட்டுப் பாருங்கள், நாம் பேசும் குருத்தெலும்பு அதுதான். மேலே ஒரு பள்ளம் தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக, இரண்டு குரல்நாண்களும் வந்து சேர்கின்றன. மற்ற இடங்களில் குருத்தெலும்பின் மேல் உறைபோல ஒரு சவ்வு இருக்கும், கட்டிக்கு அது தடுப்பு. நாண்களின் தசைநார் நேராகக் குருத்தெலும்பில் பதிகிற இந்தச் சந்திப்பில் அந்த உறை கிடையாது. அதனால் நாணின் நடுவில் இருக்கும் கட்டியைவிட முன்முனைக் கட்டிதான் எனக்குக் கவலை.

அப்புறம் வயது. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் இல்லை, கட்டி லேசில் நுழையாது. ஆனால் 20 வயதுக்கு மேல் அது கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாகிறது, ஆண்களுக்குக் கூடுதலாகவே. எலும்பானால் உள்ளே மஜ்ஜையும் ரத்தக்குழாயும் வந்துவிடும். கெட்டிப்பட்டால் பாதுகாப்பு என்றுதானே நினைப்போம்? கட்டி பெரும்பாலும் நுழைவதே அந்தப் பகுதியில்தான்.

நாணின் அசைவு குறைந்திருந்தாலோ, கட்டி நாணுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, நாணின் பக்கவாட்டுக் கொழுப்புக்குள் போயிருந்தாலோ, குருத்தெலும்பையும் தொட்டிருக்குமோ என்ற சந்தேகம் கூடும்.

சிடி படத்தில் எலும்பான பகுதி வெள்ளை, ஆகாத பகுதி சாம்பல். பலருக்கு இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி இருக்கும். கட்டியும் சாம்பல்தான்! ஒரே ஒரு திட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் முழித்த நாட்கள் எனக்கு உண்டு. அப்போது எம்ஆர்ஐ கேட்போம். அது நுணுக்கமாகக் காட்டும். சில சமயம் வெறும் அழற்சியையும் பரவல்போலக் காட்டிவிடும்.

கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை டி1 முதல் டி4 வரை நிலைகளாகச் சொல்வோம். குருத்தெலும்பின் உள்ஓரம் அரித்திருந்தாலே டி3, வெளிஓரத்தையும் தாண்டினால் டி4ஏ. இரண்டுமே ஆரம்பநிலை அல்ல. டி1, டி2 என்றால் பெரும்பாலும் லேசர் அல்லது கதிர்வீச்சு, இரண்டில் ஒன்று போதும். டி4ஏ என்றால் பலருக்குக் குரல்வளையையே எடுக்க வேண்டி வரும். ஸ்கேன் கேட்பது இதற்காகத்தான்.

ஸ்கேனுக்குப் போகும்போது பயாப்ஸி எடுத்த தேதியை மறக்காமல் சொல்லுங்கள். அந்த இடத்து வீக்கமும் படத்தில் கட்டிபோலவே தெரியும்.