கன்னேரிமுக்கு வீடும் 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லும்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் குடியிருந்த வீட்டைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். நீலகிரியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைப் புகழ்கிறார்கள். நம்மை அடிமைப்படுத்திய வெள்ளைக்காரனுக்கு எதற்கு இந்த மரியாதை? அந்த வீட்டை இடித்தால்தான் என்ன?
- வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: இடிக்கவே கூடாது. பாழடைந்து கிடந்த வீட்டை மீட்டெடுத்து, உள்ளே மலையின் வரலாற்றை ஆவணமாகத் தொகுத்து வைத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். உங்கள் கோபம் நியாயமானது. அதை 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லின்மேல் காட்டுங்கள்.

கோவை கலெக்டர் சல்லிவன் மலையேறியது 1819 ஜனவரியில். முந்தைய ஆண்டே அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறிப் பார்த்துவிட்டார்கள். 1603இலேயே ஃபெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மேலே போய்த் தோடர்களைச் சந்தித்து எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், 1117ஆம் ஆண்டின் போசளர் கல்வெட்டு தோடரையும் நீலமலையையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. தோடர் எருமை மேய்க்க, கோத்தர் இரும்படிக்க, படுகர் உழுது விதைக்க, குறும்பரும் இருளரும் சரிவுக் காடுகளில் தேனெடுக்க, கொடுக்கல் வாங்கலோடு நிறைந்திருந்த மலை அது. குடியிருப்பவர்கள் இருக்கிற வீட்டுக்குள் நுழைந்தவர் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார் என்று யாராவது சொல்வார்களா?

மேட்டுப்பாளையத்தில் நிற்கிற ஊட்டி பஸ்ஸின் பலகையைப் பாருங்கள். தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஒத்தைக்கல் மந்துதான் ஆங்கிலேயர் வாயில் ஊட்டகமண்ட் ஆனது என்பார்கள். பிறகு அதையும் சுருக்கி ஊட்டி என்றார்கள். மந்து உதிர்ந்துபோயிற்று. அந்த இழப்புக்கு நாம் யாரும் விழா எடுக்கவில்லை.

சல்லிவன் 1822இல் உதகையில் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதற்கான நிலத்தைத் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார். உதகை ஏரியை அமைத்தவர் அவர். மேல்நாட்டுக் காய்கறிகளை இங்கே பயிரிட்டுப் பார்த்தவரும் அவர். அவருடைய மனைவியும் மகளும் உதகை புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில்தான் உறங்குகிறார்கள். மலையை நேசித்த மனிதர் என்பதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மற்ற ஐரோப்பியரைவிட மிக அதிகமாக நிலத்தை வளைத்துக்கொண்டவரும் இவர்தான்.

இதே சல்லிவன், இந்த மலை நிலத்துக்குத் தோடர்களே முழு உரிமையாளர்கள், அவர்களுக்கு உரிய விலை தராமல் எடுக்கக்கூடாது என்று தம் மேலதிகாரிகளோடு ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 'இது அரசின் நிலம்' என்று மறுத்தது சென்னை அரசாங்கம். அவர் செய்தவற்றில் இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஏரியையும் சாலையையும் அவர் அமைக்காவிட்டாலும் வேறொரு கலெக்டர் அமைத்திருப்பார்.

2022இல் உதகைக்கு இருநூறு வயது என்று விழா எடுத்தோம். ஆங்கிலேயர் உருவாக்கிய நகரத்துக்கு இருநூறு என்றால் சரி. ஊருக்கு இருநூறு என்றால் பொய். கன்னேரிமுக்கு வீட்டின் முன்சுவரில் 'கண்டுபிடித்தவர்' என்று எவரும் எழுத வேண்டாம். '1819இல் இங்கே வந்தார்' என்று எழுதட்டும். அதன் கீழேயே, இந்த நிலம் தோடருடையது என்று அவர் வாதாடியதையும் எழுதட்டும், நடந்து வருகிற பள்ளிப் பிள்ளைகள் நின்று படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.