உம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?

கேள்வி: ஆய்வகத்தில் வளர்த்த கோழி இறைச்சியை இரண்டு முறை வாங்கிச் சமைத்தேன். கோழியை அறுக்காமலே, உயிரோடு இருக்கும்போதே செல் எடுத்து வளர்த்ததாம். உம்மாவும் விரும்பிச் சாப்பிட்டார். என்ன இறைச்சி என்று அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் வீண் குழப்பம். இது ஹலாலா, ஹராமா?

பதில்: யாருக்குக் குழப்பம், தம்பி? சந்தேகம் உங்களுக்குத்தான் இருக்கிறது. முகம் தெரியாத என்னிடம் கேட்கத் தோன்றியது, தட்டோடு எதிரே உட்கார்ந்திருந்த உம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லையா?

நீங்கள் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. சிங்கப்பூரின் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 2024 பிப்ரவரியில் இதைச் சாப்பிடலாம் என்றது, ஆனால் நிபந்தனையோடு. செல் ஹலாலான பிராணியுடையதாக இருக்க வேண்டும், முடிவில் கிடைக்கும் இறைச்சியில் ஹராமானது எதுவும் இருக்கக் கூடாது. உயிருள்ள பிராணியிலிருந்து வெட்டி எடுத்தது செத்த பிராணிக்குச் சமம், அதாவது ஹராம், என்று அபூதாவூத், திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்புகளில் நபிமொழி இருக்கிறது. அதனால் முறைப்படி அறுத்த பிராணியின் செல்தான் வேண்டும் என்று சொல்லும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) உண்டு. நீங்கள் பெரிதாக எழுதிய அந்த 'அறுக்காமலே' அவர்களுக்குத் தடை. அடுத்து, செல்லை வளர்க்கும் திரவம். கருவிலிருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை இதற்குச் சேர்ப்பதுண்டு. ஓடும் ரத்தம் ஹராம் என்று குர்ஆன் (6:145) நேராகவே சொல்கிறது. இப்போது சீரம் இல்லாமலும் வளர்க்கிறார்கள். நீங்கள் வாங்கியது எது? ஹலால் முத்திரை இருந்ததா? கடிதத்தில் ஒன்றுமே இல்லை. அது தெரியும்வரை வாங்காதீர்கள்.

ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இடைப்பட்டதிலிருந்து ஒதுங்கியவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டார் என்பது ஹதீஸ். ஒதுங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை உம்மாவுக்கும் இருந்தது. அதை நீங்கள் பறித்துக்கொண்டீர்கள். மகன் வாங்கி வந்தது என்ற ஒரே நம்பிக்கையில் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைவைத்தவர் அவர். உங்களுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து என்ன ஊட்டுகிறோம் என்று பார்த்துப் பார்த்து ஊட்டியவரும் அவர்தான். அந்தப் பொறுப்பு இன்று உங்கள் கையில் இருக்கிறது. வயதானவர்களுக்குப் புரியாது என்று பிள்ளைகளே தீர்மானிக்கும் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை. செல் என்றால் என்ன என்று உம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். "இது அறுத்த கோழி இல்லை உம்மா" என்றால் புரியாதா?

தெரியாமல் சாப்பிட்டவர்மீது குற்றமில்லை. சந்தேகத்தோடு பரிமாறியவர் நீங்கள். இன்றே சொல்லுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், நடுவில் விஞ்ஞானம் பேசாதீர்கள். மிச்சம் ஃப்ரிட்ஜில் இருந்தால், அதை என்ன செய்வது என்று அவரே சொல்லட்டும்.