தனுஷ்கோடி வெயிலும் சின்னப் பிள்ளைகளும்: கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். லீவு விட்டால் போதும், ராமேஸ்வரம் போகிற வழியில் வண்டியை நிறுத்தி "அக்கா, பிள்ளைக்கு ஒரு வெயில் கிரீம் குடுங்க" என்று கேட்டு வருவார்கள். அதில் பாதிப் பேருக்கு முதலில் வேண்டியது கிரீம் இல்லை, ஒரு முழுக்கைச் சட்டை. வந்த கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு 2 வயது. எஸ்.பி.எஃப் 30 போதுமா, 50 வேண்டுமா? 100 கூட விற்கிறார்களே?

30 என்றால் தோலைச் சுடும் யு.வி.பி கதிரில் கிட்டத்தட்ட 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. நூறுக்குப் போனாலும் 99தான், அந்த ஒரு சதவீதத்துக்கு அவ்வளவு காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் சோதனைக்கூடத்தில் தாராளமாகப் பூசிப் பார்த்தது. நாம் பொட்டு வைப்பது மாதிரி தொட்டுத் தேய்த்தால் 50 போட்டாலும் அதில் சின்னப் பங்குதான் கிடைக்கும். அதனால் 30 அல்லது 50 வாங்குங்கள், கஞ்சத்தனம் இல்லாமல் பூசுங்கள். டப்பாவில் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றோ, பி.ஏ என்று எழுதி மூன்று நான்கு கூட்டல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள், அது தோலுக்குள் ஆழமாக இறங்கும் யு.வி.ஏ கதிருக்கானது. சின்னப் பிள்ளைக்கு ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ உள்ளதாக இருந்தால் நல்லது. முகம் கொஞ்சம் வெள்ளை பூத்தாற்போல் தெரியும், போட்டோவுக்கு ஆகாது, தோலுக்கு எரிச்சல் குறைவு.

மதுரையிலிருந்து: எங்கள் பாப்பாவுக்கு 4 மாதம். எந்த கிரீம் போடலாம்?

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு கிரீமை நம்பி வெயிலில் இறங்காதீர்கள், நிழலும் துணியும்தான். தப்பிக்கவே முடியாத இடமென்றால் கன்னம், புறங்கை மட்டும் ஜிங்க் ஆக்சைடு கிரீம் லேசாகத் தொட்டு வைக்கலாம். மெல்லிய முந்தானையை முகத்தின் மேல் போர்த்தித் தூக்கிப் போகிறோம், அது வழியாகக் கதிரும் இறங்கும், உள்ளே காற்றும் இருக்காது. குடை பிடியுங்கள். தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள், தண்ணீர் வேண்டாம். ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள்: நாலு மாதப் பிள்ளையை நண்பகலில் தனுஷ்கோடி கடைசி முனையான அரிச்சல்முனைக்குத் தூக்கிப் போய் என்ன காட்டப் போகிறீர்கள்?

சென்னையிலிருந்து ஒரு அப்பா: ஆடி மாதம் வந்தோம், செம காற்று, வெக்கையே தெரியவில்லை, மேகம் வேறு. அப்படியும் பொண்ணுக்குத் தோள் சிவந்து போச்சு. எப்படி?

எங்கள் ஊர் ஏமாற்றுவதே இங்கேதான். வெக்கை வேறு, தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் வேறு. கச்சான், அதாவது நீங்கள் சொன்ன அந்த ஆடிக் காற்று, அடித்தால் உடம்பு சில்லென்று இருக்கும், வியர்வை உடனே காய்ந்துவிடும், பிள்ளையும் அழாது, ஆனால் கதிர் ஒரு துளியும் குறைவதில்லை. மெல்லிய மேகத்தைத் தாண்டியே அதில் 80 சதவீதம் வரை கீழே வந்துவிடும். காய்ந்த மணல் 15 சதவீதம் போலவும் அலை நுரை 25 சதவீதம் போலவும் திருப்பி அடிக்கும், அதனால் குடைக்குள் இருந்தாலும் கீழேயிருந்து முகவாய்க்கட்டையில் படும். போதாததற்கு நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 9 டிகிரி வடக்கே. சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் பகல் பன்னிரண்டே காலை ஒட்டிச் சூரியன் ராமேஸ்வரத்துக்கு நேர் உச்சியில் நிற்கும், உங்கள் நிழல் உங்கள் காலடியில் கிடக்கும். பிள்ளையின் நிழல் பிள்ளையை விடக் குட்டையாக இருந்தால் திறந்த வெளியிலிருந்து கிளம்பிவிடுங்கள், மணி பார்க்க வேண்டியதில்லை.

அதே அப்பா: அப்போ எப்போதான் சுற்றிப் பார்ப்பது?

தனுஷ்கோடி காலையில் முதல் வேலை. 2017இல் ரோடு முனை வரைக்கும் வந்துவிட்டதால் சீக்கிரம் போய் ஒன்பதரைக்குள் திரும்பிவிடலாம். அங்கே நிழலுக்கு மரம் கிடையாது, 1964 புயலில் இடிந்த சர்ச்சின் சுவர்தான் கொஞ்சம் நிழல் தரும், அதையும் எல்லாரும் பிடித்திருப்பார்கள். பத்திலிருந்து நாலு வரை கோவில் பிரகாரம், சாப்பாடு, ரூமில் தூக்கம். மதியம் நடை சாத்துவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். நாலரைக்கு மேல் அரியமான் கடற்கரை; அங்கே சவுக்குத் தோப்பு இருக்கிறது, பிள்ளைகள் விளையாட அதுதான் என் ஓட்டு.

கோவையிலிருந்து: குலதெய்வக் கோவிலில் 3 வயதுப் பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டு மறுநாள் ராமேஸ்வரம் வருகிறோம். சந்தனம் தடவினால் போதுமா அக்கா?

சந்தனம் குளிர்ச்சியாக இருக்கும், வெயிலைத் தடுக்காது. மழித்த தலை வெயிலையே பார்க்காத தோல், அதுதான் முதலில் சிவக்கும், காதுமடலும் பிடரியும் சேர்ந்து. துணித் தொப்பி, சுற்றிலும் விளிம்பு வைத்தது, தாடைக்குக் கீழே நாடா கட்டுவது வேண்டும். நாடா இல்லாவிட்டால் பாம்பன் பாலத்தில் எட்டிப் பார்க்கும்போதே பறந்துவிடும். கிரிக்கெட் தொப்பி காதை மூடாது. கடைகளில் விற்கும் பனை ஓலைத் தொப்பி அழகுதான், பின்னல் நெருக்கமாக இருந்தால் வாங்குங்கள், இடைவெளி தெரிந்தால் வேண்டாம். கத்தி பட்ட கீறல் இருந்தால் அதன் மேல் கிரீம் போடாதீர்கள், எரியும்.

தேங்காய் எண்ணெய், மஞ்சள்?

உதவாது. எண்ணெய் தேய்த்து வெயிலில் விடுவது பழைய வழக்கம், கடற்கரைக்கு அதைக் கொண்டு வர வேண்டாம்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு பாட்டி: பேத்தி கறுத்துப் போயிடுவாளே, அதுக்கு எந்த கிரீம்?

கறுத்தால் கறுக்கட்டும் பாட்டிம்மா, சில வாரத்தில் தானாகத் தேறும். கொப்புளம் வராமல், கண்ணும் தோலும் கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் இத்தனையும். மாநிறமோ கறுப்போ தோல் கொஞ்சம் தாங்கும், அதற்காகச் சுடாது என்று இல்லை. வெள்ளையாக்கும் கிரீமைப் பிள்ளை பக்கமே கொண்டு போகாதீர்கள்.

அக்னி தீர்த்தத்தில் குளித்து, 22 தீர்த்தமும் ஆடினால் கிரீம் நிற்குமா?

நிற்காது. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தாலும் 40 அல்லது 80 நிமிடம்தான், துண்டால் துடைத்தால் அதுவும் போச்சு. வெளியே வந்ததும் மறுபடி பூசுங்கள், குளிக்காவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. முதல் பூச்சு கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்னால். நனைந்த வெள்ளைப் பனியன் வழியாகக் கதிர் நன்றாகவே இறங்கும், அதனால் கடலில் இறங்கும்போது அடர்நிறத்தில் நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை போடுங்கள். யு.பி.எஃப் 50 (துணி கதிரைத் தடுக்கும் அளவு அது) என்று எழுதிய நீச்சல் சட்டை கிடைத்தால் ரொம்ப வசதி, பூச வேண்டிய இடம் முகம், காது, கை, கால் மட்டும் என்று சுருங்கிவிடும்.

ஸ்ப்ரே வாங்கலாமா?

இந்தக் காற்றில் பாதி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகும், மீதி உங்கள் பிள்ளை மூக்கில். வேண்டாம். பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் போட்டுவைக்கவும் கூடாது, சூட்டில் மருந்து கெடும்.

பவளப்பாறைக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?

சில வெயில் கிரீமில் சேர்க்கும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு ரசாயனத்தின் மேல்தான் அந்தச் சந்தேகம். ஹவாயில் 2021 முதல் இவை கலந்த கிரீமை விற்கத் தடை. இங்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளம் இருக்கிறது, அதற்காகவும் ஜிங்க் கிரீமையே சொல்வேன். துணி அதையும் விட நல்லது, கடலில் எதுவும் கரையாது.

பழனியிலிருந்து: சிவந்துவிட்டது, இப்போது என்ன செய்ய?

முதலில் நிழல். அப்புறம் சாதாரண குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போடுங்கள், ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். சிவப்பு உடனே முழுசாகத் தெரியாது, அன்று ராத்திரியோ மறுநாளோதான் கூடும், அதனால் சாயங்காலம் "ஒண்ணுமில்லை" என்று மறுபடி கடலுக்குப் போகாதீர்கள். இளநீர், ஓ.ஆர்.எஸ், சீசனில் நுங்கு எல்லாம் கொடுக்கலாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே என்றால் லேசாகச் சிவந்தாலும் டாக்டர். பெரிய பிள்ளையாக இருந்தாலும் கொப்புளம், காய்ச்சல், வாந்தி, சோர்ந்து படுப்பது, ஒன்றுக்குப் போவது குறைவது இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கும்போது எடை சொல்லிக் கேளுங்கள், வயது போதாது. டிராப்ஸ் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125 அல்லது 250. ஒன்றின் அளவை இன்னொன்றுக்கு ஊற்றினால் ஆபத்து, பாட்டிலை எடுத்துவந்து காட்டினால் எந்த மருந்துக்கடையிலும் கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.